மதுரையில் கல்லூரி படிக்க வருகிறீர்களா? வட்டிக்கு வாங்கும் முன் செய்ய வேண்டியவை

உசிலம்பட்டிப் பக்கமிருந்து மதுரைக்குப் படிக்க வந்தவன் நான். முதல் வருட ஃபீஸுக்கு வீட்டில் மூணு வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு, கடன் வாங்கினார்கள். அதே சமயத்தில் எனக்குச் சேரவேண்டிய உதவித்தொகை வேறு எங்கோ சிக்கிக் கிடந்தது. வங்கியில் கல்விக்கடன் அதில் மூன்றில் ஒரு பங்கு வட்டிக்குக் கிடைக்கும் என்று சொல்லவும் ஆளில்லை. ஒவ்வொரு மேசையாக அலைந்து தெரிந்துகொண்டதை அடுத்து வருபவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

இதில் வரிசைதான் முக்கியம். அரசு தரவேண்டியதை முதலில் வாங்குங்கள். அடுத்து செலவைக் குறையுங்கள். அதற்கப்புறம் வேலை. கடன் கடைசியில். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது: முதலில் கடன், அதை அடைக்க வேலை, உதவித்தொகை ஞாபகம் வரும்போது கடைசித் தேதி முடிந்திருக்கும்.

1. கல்லூரி திறக்கும் முன் காகிதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து கல்லூரி திறக்கும் வரை உள்ள இடைவெளியை விட்டுவிடாதீர்கள். ஜூன், ஜூலையில் இ-சேவை மையங்களில் நிற்க இடமிருக்காது. விஏஓவும் அந்த நேரத்தில் சான்றிதழ் விண்ணப்பங்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருப்பார்.

எடுக்க வேண்டியவை இவை:

- வருமானச் சான்றிதழ். ஓராண்டுக்குத்தான் செல்லும். போன வருடத்ததை நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள்.
- சாதிச் சான்றிதழ். பள்ளியில் கொடுத்த பழைய அட்டை இருந்தால், கணினி வழிச் சான்றிதழாக மாற்றிக்கொள்ளுங்கள்.
- முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் மட்டும். கலந்தாய்வு வழியாகப் பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் சேருபவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகைக்கு இதுதான் ஆதாரம்.
- பான் எண். ஆதாரில் மொபைல் எண் இணைந்திருந்தால் வருமானவரித் துறை இணையதளத்தில் இ-பான் இலவசமாகவே கிடைக்கும். 18 வயது முடிந்திருக்க வேண்டும்.

முதல் மூன்றும் இ-சேவை மையத்தில், ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். அதற்குமேல் கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு அடங்கிவிடும். விண்ணப்பம் விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டும். ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணைப் போட்டு இணையத்தில் பாருங்கள். எந்த மேசையில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். விஏஓவிடம் நிற்கிறது என்றால் ரேஷன் கார்டு, ஆதார் நகலோடு நேரில் போய் நில்லுங்கள். போன் பண்ணுவதால் பெரிய பயன் இல்லை.

இங்கே உள்ள பெரிய கண்ணி இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், ஆதாரில் முன்னால், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுதாக. நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். கணினிக்கு மூன்று பேர். மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே ஆதாரை மாற்றுங்கள், அப்புறம் வங்கி. இந்த வரிசையை மாற்றினால் வங்கிக்கு இரண்டாம் முறை போக வேண்டியிருக்கும்.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரியில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வெளியிட்ட அறிவிப்பு. டிசியை வாங்கி வைப்பது வேறு. மதிப்பெண் பட்டியலைப் பிடித்து வைப்பது வேறு. எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து மெயிலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2. வங்கிக் கணக்கு: உதவித்தொகை தொலையும் இடம்

அரசு அனுப்பும் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை. உங்கள் ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக இணைக்கப்பட்டதோ, அங்கே போகிறது. கல்லூரிப் படிவத்தில் புதுக் கணக்கின் பாஸ்புக் நகலைக் கொடுத்திருப்பீர்கள். ஆதார் பள்ளிக் காலத்துக் கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். பணம் அங்கே போய்ச் சேரும். அந்தக் கணக்கு பல வருடம் பயன்படுத்தாமல் முடங்கியிருந்தால் திரும்பிப் போய்விடும். எனக்கு நடந்தது இதுதான். உதவித்தொகைப் பிரிவில் 'அனுப்பிவிட்டோம்' என்றார்கள், வங்கியில் 'வரவில்லை' என்றார்கள். இருவருமே சொன்னது உண்மை.

கணக்கில் ஆதார் எண்ணைப் பதிந்து வைப்பது வேறு, பணம் பெறுவதற்காக இணைப்பது வேறு. கிளையில் 'ஆதார் லிங்க் ஆகிவிட்டது' என்று சொன்னால் போதாது. 'என்பிசிஐ-யில் சீடிங் ஆகியிருக்கிறதா, டிபிடி வருமா' என்று அதே வார்த்தைகளில் கேளுங்கள். என்பிசிஐ என்பது வங்கிகளுக்கிடையே பணம் கடத்தும் தேசிய நிறுவனம், சீடிங் என்பது அங்கே ஆதாரை வங்கியோடு இணைப்பது, டிபிடி என்பது அரசின் நேரடிப் பணப் பரிமாற்றம். வீட்டுக்கு வந்ததும் ஆதார் இணையதளத்தில் உள்நுழைந்து 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். எந்த வங்கி, நடப்பில் உள்ளதா என்று காட்டும். கணக்கு எண்ணைக் காட்டாது என்பதால், ஒரே வங்கியில் இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் ஒன்றை மூடிவிடுவது நல்லது.

கணக்கு திறக்கும்போது அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று கேட்டுத் திறங்கள். குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லை. மாதம் நான்கு முறைக்கு மேல் எடுக்கக் கட்டுப்பாடு இருக்கும். மாணவருக்கு அது போதும். கிளையில் வேறு கணக்கைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

3. அரசு தரும் பணம்

அரசுப் பள்ளியில் 6 முதல் பிளஸ் டூ வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. இரண்டுக்கும் நீங்களாகத் தனியே விண்ணப்பிக்க முடியாது. கல்லூரியில் இதற்கென்று பொறுப்பாசிரியர் ஒருவர் இருப்பார், அவர்தான் பதிவேற்றுவார். பள்ளியில் உங்களுக்கென்று கொடுத்த எமிஸ் எண்ணைக் கேட்பார். அந்த எண் தெரியாமல் பழைய பள்ளிக்கு ஓடுபவர்கள் நிறைய. டிசி வாங்கும் அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் புதுமைப்பெண் பணம் நிற்காது.

பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, ஆதிதிராவிடர், பழங்குடி வகுப்பு மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதுவும் கல்லூரி வழியாகத்தான், கல்லூரி மாணவர் விவரங்களைப் பதியும் யூமிஸ் தளத்தில். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் தானாக வரும் என்று உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

பலர் கவனிக்காதது மத்திய அரசின் உதவித்தொகை ஒன்று. பிளஸ் டூவில் தங்கள் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்கள், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தேசிய உதவித்தொகை தளத்தில் விண்ணப்பிக்கலாம். இளநிலையில் முதல் மூன்று ஆண்டுகளுக்கு வருடம் 12,000 ரூபாய், முதுநிலையில் 20,000 ரூபாய். நீங்கள் விண்ணப்பித்தால் மட்டும் முடியாது. கல்லூரியும் சரிபார்த்து 'ஒப்புதல்' கொடுக்க வேண்டும். கடைசித் தேதிக்கு முன் அலுவலகத்தில் போய் அதைக் கேட்டுப் பார்ப்பது உங்கள் வேலை. வேறு உதவித்தொகை வாங்கிக்கொண்டே இதையும் வாங்க முடியாது என்பதால், எது பெரியதோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாப் பணத்துக்கும் பொதுவான ஒரு நிபந்தனை வருகைப் பதிவு. 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அபராதம் கட்டித் தேர்வு எழுத வேண்டியிருக்கும். உதவித்தொகைக்கும் ஆபத்து. அடுத்து வரப்போகும் வேலைப் பேச்சுக்கெல்லாம் எல்லைக்கோடு இந்த 75 தான்.

செலவைப் பற்றி இங்கேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசு விடுதியில் இடம் கிடைத்தால் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர். கல்லூரி திறந்த உடனேயே கலெக்டர் ஆபீஸில் உள்ள நலத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். மாணவிகளுக்கு சாதாரண டவுன் பஸ் இலவசம். அரசுக் கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. மற்ற கல்லூரிகளில் பாதிக் கட்டணப் பாஸ். திண்டுக்கல், விருதுநகர் பக்கமிருந்து ரயிலில் வருபவர்கள் மாணவர் சீசன் டிக்கெட்டுக்குக் கல்லூரியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். புத்தகம் வாங்கும் முன் புது நத்தம் ரோட்டில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். 2023 ஜூலையில் திறந்தது. பாடப் புத்தகம் பாதி அங்கேயே இருக்கிறது. ஏசியில் உட்கார்ந்து படிக்கலாம்.

4. பகுதிநேர வேலை

முதல் ஆண்டில் பலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும். கியர் வண்டி லைசென்ஸ், இ-பான், டெலிவரி வேலை எல்லாம் 18-க்கு அப்புறம். அதுவரை டியூஷன்தான் சரியான வழி.

டியூஷன். கேட்டால் சாதாரணமாகத் தெரியும். என் கணக்கில் நேரத்துக்கு அதிகப் பணம் தருவது இதுதான். அண்ணாநகர், கே.கே.நகர், எஸ்.எஸ். காலனி, திருநகர் பக்கமெல்லாம் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் முடிக்க வைக்க ஆள் தேடுகிறார்கள். ஐந்து பிள்ளைகள், தலைக்கு 600 என்றால் மாதம் 3,000. பஸ் செலவு இல்லாத தூரத்தில் பிடியுங்கள். ஜூன் முதல் வாரத்தில் அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள். ஆகஸ்டுக்கு மேல் யாரும் ஆசிரியரை மாற்றுவதில்லை. பணத்தை மாத ஆரம்பத்திலேயே வாங்கிவிடுங்கள். 'ஊருக்குப் போயிட்டோம், பாதி மாசம்தானே வந்தான்' என்ற பேச்சு அப்போது வராது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் வருமானம் இருக்காது என்பதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

கேட்டரிங். மதுரைப் பையன்கள் அதிகம் போவது இதற்குத்தான். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மல்லிகை விலை ஏறினால் முகூர்த்தம் நெருங்குகிறது, பந்திக்கு ஆள் வேண்டும் என்று அர்த்தம். வைகாசி, ஆவணி, தை மாதங்களில் வேலை குவியும். ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றும் இருக்காது. கறுப்பு பேண்ட், வெள்ளைச் சட்டை, ஷூ உங்களுடையது. முந்தின நாள் ரிசப்ஷன், மறுநாள் காலை டிபன், மதியச் சாப்பாடு என்று மூன்று பந்திக்கு ஒரு சம்பளமா, பந்திக்கு ஒரு சம்பளமா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிட்டுப் போங்கள். வாயால் பேசியது மண்டபத்தைக் கழுவி முடிக்கும் நேரத்தில் மாறிவிடும். அழகர்கோவில் ரோட்டிலும் ரிங் ரோட்டிலும் உள்ள மண்டபங்களில் இரவு பந்தி முடியும்போது பஸ் இருக்காது. திரும்பக் கொண்டுவந்து விடுவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். ஆட்டோவுக்குக் கொடுத்தால் அன்றைய சம்பளத்தில் பெரிய துண்டு போய்விடும். பணத்தை அன்றைக்கே கொடுக்கும் ஆளோடு மட்டும் போங்கள். 'அடுத்த முகூர்த்தத்துக்குச் சேர்த்துத் தரேன்' என்பவரிடம் பணம் எப்போதும் அடுத்த முகூர்த்தத்தில்தான் இருக்கும்.

கடை வேலை. தீபாவளிக்கு முன் விளக்குத்தூண், மாசி வீதிகளில் உள்ள ஜவுளிக் கடைகள் தற்காலிக ஆள் எடுக்கும். சம்பளம் பரவாயில்லை. ஆனால் நவம்பரில் செமஸ்டர் தேர்வு. கடை இரவு பத்தரைக்கு முடிந்து அறைக்கு வந்து படிப்பது நடக்காது. ஒரு பேப்பர் அரியர் விழுந்தால் மறுதேர்வுக் கட்டணம், அதைவிட முக்கியமாக வேலைவாய்ப்பு முகாமில் அரியர் இல்லாதவர்களை மட்டும் கூப்பிடும் நிறுவனங்கள் என்று இழப்பு நீளும். சித்திரைத் திருவிழாக் கடைகளுக்கும் இதே கணக்கு. அது ஏப்ரல் தேர்வோடு மோதும். தீபாவளிக்குப் போவதானால் கடைசி பத்து நாள் மட்டும் போங்கள். அட்வான்ஸ் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் தேர்வுக்கு முன் விலக முடியாது. ஒரிஜினல் சான்றிதழைப் பிணையாகக் கேட்கும் கடையின் படியிலேயே திரும்பிவிடுங்கள்.

பி.காம். மாணவர்களுக்கு ஒரு நல்ல வழி ஆடிட்டர் ஆபீஸ். ஜூன் முதல் செப்டம்பர் வரை வருமானவரிக் கணக்குத் தாக்கல் நெருக்கும்போது பில்களைப் பதிய, டாலியில் ஏற்ற ஆள் வேண்டியிருக்கும். சம்பளம் குறைவு. ஆனால் மூன்றாம் ஆண்டு முடிக்கும்போது 'அனுபவம் உண்டா' என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும். நேரில் போய்க் கேட்க வேண்டும், விளம்பரம் வராது.

டெலிவரி. லைசென்ஸ், ஆர்சி, இன்ஷூரன்ஸ், பான், ஆதார், வங்கிக் கணக்கு வேண்டும். எல்எல்ஆர் எடுத்து 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க முடியும். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். ஆகவே 18 ஆன மாதமே போட்டுவிடுங்கள். வருமானத்தை எண்ணும்போது கைக்கு வந்ததை எண்ணாதீர்கள். ஒரு மாலையில் 60 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 45 கொடுக்கும் வண்டியில் 130 ரூபாய்க்குமேல் பெட்ரோலுக்கே போகும். டயர், ஆயில், பிரேக் இன்னும் தனி. சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்ஷூரன்ஸில், கூலிக்கு ஓடும்போது விபத்து நடந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். நிறுவனம் தரும் விபத்துக் காப்பீட்டின் விவரத்தைப் படித்துவிட்டுச் சேருங்கள். டெலிவரி செய்வதற்காகத் தவணையில் வண்டி வாங்குவதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வீட்டில் நிற்கும் பழைய வண்டி இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் மாதத் தவணைக்காக வகுப்பை விட்டு ஓட வேண்டியிருக்கும். அப்புறம் அந்த 75 சதவீதம் போய்விடும்.

வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலைகளில் தமிழ்த் தட்டச்சு, வீடியோ எடிட்டிங், போஸ்டர் வடிவமைப்பு, மொழிபெயர்ப்புக்கு உண்மையாகவே ஆள் தேவை இருக்கிறது. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்களில் போய்க் கேளுங்கள். முகூர்த்த மாதத்தில் எடிட்டிங் தேங்கிக் கிடக்கும். தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் கல்லூரியிலேயே இலவசமாகக் கற்றுத்தரும் பாடங்களில் உங்களுக்குப் பொருந்தியதை எடுத்து அதிலிருந்து தொடங்கலாம். பணம் தரும் நிறுவனம் வரி பிடித்தம் செய்யும்போது பான் கொடுக்காவிட்டால் பொதுவாக 20 சதவீதம் போய்விடும். பான் கொடுத்து, பிடித்ததை வருட முடிவில் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

5. வேலை என்ற பெயரில் வருபவை

நீங்கள் பணம் கட்டித் தொடங்கும் எதுவும் வேலை இல்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், 'ரீஃபண்டபிள் டெபாசிட்', சான்றிதழோடு இன்டர்ன்ஷிப் என்று பெயர் மாறும். டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்பார்கள். முதல் இரண்டு நாள் நூறு, இருநூறு உண்மையாகவே வரும். மூன்றாம் நாள் 'பிரீமியம் டாஸ்க்' என்று ஆயிரங்களில் கட்டச் சொல்வார்கள். அந்த நூறும் இருநூறும் உங்களைப் பிடிக்கப் போட்ட இரை.

இதைவிடக் கொடியது கணக்கை வாடகைக்குக் கேட்பது. 'ஏடிஎம் கார்டும் சிம்மும் மட்டும் கொடு, மாசம் 5,000' என்று சீனியரே கேட்பார். அந்தக் கணக்கில் ஓடுவது யாரிடமோ ஏமாற்றிய பணம். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவர் வீட்டு வாசலில். கணக்கு முடங்கும், உங்கள் உதவித்தொகையும் அதோடு முடங்கும், வழக்கு வேறு.

பணம் கட்டி ஆடும் ரம்மி போன்ற ஆன்லைன் ஆட்டங்களை 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. இன்னமும் லிங்க் அனுப்புபவன் உங்கள் நண்பன் இல்லை.

6. கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

முதலில் கல்லூரியிலேயே தவணை கேளுங்கள். கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம், உதவித்தொகை விண்ணப்பித்த ஒப்புகை, பெற்றோர் கையெழுத்து. பல இடங்களில் இரண்டு, மூன்று தவணைக்குச் சம்மதிப்பார்கள். கேட்காதவர்களுக்குத்தான் இல்லை.

அடுத்தது வங்கிக் கல்விக்கடன். கல்விக்கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிந்து, பெற்றோரின் ஊருக்கு அருகில் உள்ள கிளையைத் தேர்ந்தெடுங்கள். கையில் இருக்க வேண்டியவை: சேர்க்கைக் கடிதம் அல்லது கலந்தாய்வு ஆணை, எல்லா ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கல்லூரி கொடுத்த கட்டண விவரம், அங்கே படிக்கிறீர்கள் என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழ், பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல், உங்கள் பான், ஆதார், பெற்றோர் பான், ஆதார், வருமானச் சான்றிதழ், ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், போட்டோ. கட்டண விவரத்தில் விடுதி, புத்தகம், தேர்வுக் கட்டணத்தையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். விட்டுவிட்டால் அந்தத் தொகைக்கு மறுபடி வட்டிக்காரரிடம்தான் போவீர்கள்.

4 லட்சம் வரை உங்கள் பங்கு என்று எதுவும் கட்டத் தேவையில்லை. 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஓராண்டு வரை திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அப்பாவோ அம்மாவோ பழைய கடனைக் கட்டாமல் விட்டிருந்தால் சிபில் (கடன் கட்டிய வரலாற்றுப் பதிவு) பார்த்துவிட்டுத் தயங்குவார்கள். அப்படியென்றால் சிபில் சரியாக உள்ள பெற்றோரை இணைக் கடன்தாரராகப் போடுங்கள். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான கல்லூரிகளுக்குப் பிணையாளும் தேவையில்லை. வருமானத்தைப் பொறுத்து வட்டிச் சலுகையும் உண்டு. உங்கள் கல்லூரி பட்டியலில் உள்ளதா என்று தளத்தில் பாருங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு அந்தத் திட்டம் இல்லை. ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பிடிக்கும் முன் இதை யோசியுங்கள்.

கிளையில் 'இந்த வருஷம் டார்கெட் முடிஞ்சிருச்சு' என்று வாயால் சொல்லி அனுப்பினால் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், விண்ணப்ப எண்ணோடு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள். அல்லது திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மதுரையில் மாவட்ட நிர்வாகம் கல்விக்கடன் முகாமும் நடத்துகிறது. எல்லா வங்கிகளும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் என்பதால் முழுக் காகிதத்தோடு போனால் அலைச்சல் மிச்சம்.

வட்டிக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். வருடம் ஒரு லட்சம் வீதம் மூன்று வருடம், 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்தில் தனி வட்டிதான். படிப்பு முடிந்து ஓராண்டில், முதல் லட்சத்துக்கு 40,000, இரண்டாவதற்கு 30,000, மூன்றாவதற்கு 20,000 என்று 90,000 சேர்ந்திருக்கும். அசல் மூன்று லட்சம், நீங்கள் கட்டத் தொடங்குவது 3.9 லட்சத்துக்கு. இதைத் தவிர்க்க வழி உண்டு. முதல் ஆண்டில் மாத வட்டி சுமார் 833 ரூபாய். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் ஆயிரத்தை அப்படியே அதற்குத் திருப்பிவிடுங்கள். இரண்டாம் ஆண்டில் 1,667 ஆகும்போது டியூஷன் பணத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். படிக்கும்போதே வட்டியைக் கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் குறைக்கின்றன. அது உங்கள் வங்கியில் உண்டா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

வங்கிக் கடன் வரும்வரை ஒரு மாதம் சமாளிக்க வேண்டும் என்றால் நகைக்கடன். ஊரில் கூட்டுறவுக் கடன் சங்கம், இல்லையென்றால் அரசு வங்கி. அடகுக் கடையைக் கடைசியில் வையுங்கள்.

7. தொடவே கூடாத கடன்கள்

வட்டிக்காரர் மாதக் கணக்கில் பேசுவார், வங்கி வருடக் கணக்கில் பேசும். மூணு வட்டி வருடத்துக்கு 36 சதவீதம். அஞ்சு வட்டி 60. தண்டலில் 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் நூறு நாள் வாங்குவார்கள். '1,500 தானே' என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் சேர்ந்து குறைந்துகொண்டே வருவதால் வருட வட்டிக் கணக்கில் அது 100 சதவீதத்தைத் தாண்டுகிறது.

ஐந்து நிமிடத்தில் பணம் தரும் செயலிகள் தண்டலைவிட மோசம். ரிசர்வ் வங்கி விதிப்படி, டிஜிட்டல் கடன் தருபவர் உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களையும் போட்டோக்களையும் எடுக்கக் கூடாது. மொத்தச் செலவையும் வருட வட்டியையும் ஒரே தாளில் முன்கூட்டியே காட்ட வேண்டும். எந்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பணம் என்று சொல்ல வேண்டும். செயலி திறந்ததும் தொடர்பு எண்களுக்கு அனுமதி கேட்டால் அங்கேயே அழித்துவிடுங்கள்.

போன் தவணையில் 'வட்டி இல்லை' என்று போட்டிருந்தாலும் செயல்பாட்டுக் கட்டணம், ஜிஎஸ்டி சேரும். ஒரு தவணை தப்பினாலும் சிபிலில் பதியும். அடுத்த வருடம் வங்கியில் கேட்கப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

8. ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால்

வீட்டில் சொல்லுங்கள். செயலிக்காரர்கள் மிரட்டுவதே வீட்டுக்குத் தெரியக் கூடாது என்ற பயத்தை வைத்துத்தான். நீங்களே சொல்லிவிட்டால் அவர்கள் கையில் பாதி ஆயுதம் இல்லை. ஒன்றை அடைக்க இன்னொரு செயலியில் எடுக்காதீர்கள்.

மிரட்டல் மெசேஜ், அழைப்புப் பதிவு, பணம் வந்த தேதி, கட்டிய தேதி, யுபிஐ எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு ஒரு போனிலோ மெயிலிலோ வையுங்கள். அப்புறம்தான் செயலியை நீக்க வேண்டும். பணம் ஏமாந்திருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு. சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாத கடன் செயலிகளைப் பற்றி ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்திலும் புகார் தரலாம்.

நேரில் வந்து மிரட்டும் வட்டிக்காரர் என்றால், தமிழ்நாட்டில் 2003-லிருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. தண்டல், மீட்டர் வட்டி எல்லாம் அதற்குள் வரும். கட்டிய தொகைக்கு ஒரு நோட்டில் தேதிவாரியாகக் கணக்கு எழுதி, முடிந்தவரை யுபிஐயில் கட்டிய ஆதாரத்தோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். வெற்றுக் காசோலையோ கையெழுத்துப் போட்ட வெற்றுப் பத்திரமோ கொடுத்திருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள். மனு ஏற்புச் சீட்டு வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள்.